வடசென்னையில எல்லாரையும் ‘வா போ’ன்னு பேசுறாங்களேன்னு கோபப்பட்டவன் நான். உங்க அனுபவம்?

தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து வேலைக்காகத் தண்டையார்பேட்டை வந்தவன். எங்க ஊர்ல சின்னப் பசங்களைக்கூட ‘வாங்க தம்பி’ன்னுதான் கூப்பிடுவோம். இங்க டீக்கடைக்காரர் முதல் நாளே “இன்னாபா, சக்கர போடவா?”ன்னதும் சுருக்குனுச்சு. ஒரு மாசம் முறைச்சுக்கிட்டே டீ குடிச்சேன். அவர் கண்டுக்கவே இல்ல.

காசிமேட்டுலதான் புத்தி வந்துச்சு. மே மாசம், மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15ல இருந்து 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. சின்னப் படகுல வர்றதுதான் மீன், வஞ்சிரம் யானை விலை. வழக்கமா வாங்குற அக்கா, “வா நைனா, செவுள பாரு, எப்டி செவப்பாகீது”ன்னு தூக்கிக் காட்டினாங்க. எனக்கு விலைதான் கண்ணுல பட்டுச்சு. “ஐஸ்ல கெடந்த மீனுக்கா இவ்ளோ?”ன்னுட்டேன்.

திட்டியிருந்தா நிம்மதியா இருந்திருக்கும். மீனைத் திருப்பி வச்சாங்க. ஈரச் சாக்கை இழுத்து மூடினாங்க. கத்தியைத் தண்ணியில அலசிக்கிட்டே, “வேற எடம் பாருங்க சார்.”

அந்த ‘ங்க’ இருக்கே! ஆறு மாசமா ‘வா, எடு, குந்து’ன்னு என்னை வீட்டாளா வச்சிருந்தவங்க, ரெண்டே எழுத்துல வெளிய தள்ளிட்டாங்க.

அடுத்த ஞாயிறு போய் நின்னேன். நிமிர்ந்துகூடப் பாக்கல. “வஞ்சரம் வாணாம். சங்கரா நல்லாகீது, எட்துக்க.” பேரம் பேசாம எடுத்துக்கிட்டேன்.

*

வேற ஒருத்தர்: வண்ணாரப்பேட்டையில நகைக்கடன் கவுண்டர்ல பல வருஷம் உக்காந்திருந்தேன். ‘அடகு’ங்கிற வார்த்தையை யாரும் சொல்ல மாட்டாங்க. “இத்த வைக்கணும்”, அவ்ளோதான். “எங்க அம்மா போட்டது”ன்னு ஒரு வார்த்தை சேத்துச் சொல்றவங்க பெரும்பாலும் திரும்ப வந்து மீட்டுடுவாங்க. என் கணக்கு அது, தப்பாவும் இருக்கலாம். தாலிச் செயினை நீட்டுறவங்க கழுத்துல மட்டும் பாப்பேன். புது மஞ்சக்கயிறு முன்னாடியே கட்டியிருக்கும். வீட்டுலயே முடிவு பண்ணி, கடைக்குப் போய்க் கயிறு வாங்கி, மாத்திக் கட்டிக்கிட்டு வந்திருக்காங்க. எதுக்குன்னு கேக்காம எடை போடுவேன்.

*

இன்னொருத்தர்: சென்னைப் பேச்சுல துட்டுன்னா டச்சுக்காரன் காசுப் பேரு, நைனா தெலுங்கு, தபாவும் பேஜாரும் உருது. இதெல்லாம் தெரியாமலே எங்க தாத்தா ஒரே வாக்கியத்துல எல்லாத்தையும் பேசுவாரு. “எத்தினி தபா சொல்றது நைனா, துட்டு இல்லாம பேஜாரா கீது”ன்னு. பி அண்ட் சி துணி மில்லுல தறி ஓட்டுனவரு. 1996ல மில்லு மூடிட்டாங்க. அதுக்கப்புறமும் மணி எத்தினின்னு கேக்க மாட்டாரு. மில்லுச் சங்கை நெனச்சு, “சங்கு ஊதிட்டானா?”ன்னுதான் கேப்பாரு. பாட்டி கடிகாரத்தைப் பாத்துட்டு, “இன்னும் இல்ல, படு”ம்பாங்க.