தமிழ் எழுத்தெல்லாம் உடைந்து வருகிறது, அவசரம்

ரங்கூன்வாசி:
வணக்கம். எங்கள் கோவில் கணக்கு இருந்த பழைய கம்ப்யூட்டர், கரண்ட் போய்ப் போய் வந்ததில் மண்டையைப் போட்டுவிட்டது. ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, ஃபைல்களைப் புது லேப்டாப்பில் போட்டோம். திறந்தால் எழுத்தெல்லாம் உடைந்து வருகிறது. வைரஸ்தான். கடைப் பையன் எல்லாவற்றையும் ஃபார்மட் பண்ணச் சொல்கிறான். அடுத்த வாரம் திருவிழா நோட்டீஸ் அச்சுக்குப் போக வேண்டும். என்ன செய்வது?

மோல்மேன் தம்பி:
ஐயா, முதலில் அந்தப் பையன் கையில் ஹார்ட் டிஸ்கைக் கொடுக்காதீர்கள். வைரஸா இல்லையா என்பதை அப்புறம் பார்ப்போம். 'உடைந்து வருகிறது' என்றால் என்ன? கட்டம் கட்டமாகத் தெரிகிறதா, ஆங்கில எழுத்தாகத் தெரிகிறதா, பர்மிய எழுத்தில் குறிகள் மட்டும் இடம் மாறி நிற்கின்றனவா? மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. பழையதில் எந்த விண்டோஸ், புதியதில் எது, எல்லா ஃபைலும் இப்படியா என்றும் சொல்லுங்கள். ஒரு வரியைக் காப்பி எடுத்து இங்கே ஒட்டினால் இன்னும் நல்லது. போனில் சாய்த்து எடுத்த படம் வேண்டாம், ஒன்றும் தெரியாது. விண்டோஸ், ஷிஃப்ட், எஸ் மூன்று விசையையும் சேர்த்து அழுத்தினால் திரையில் வேண்டிய இடத்தை மட்டும் படமாக வெட்டலாம். நன்கொடை கொடுத்தவர்களின் போன் நம்பர் அதில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெகு அக்கா:
தனிச்செய்தியில் யாராவது வந்து 'எனிடெஸ்க் நம்பர் கொடுங்க, நானே சரி பண்றேன்' என்றால் கொடுக்காதீர்கள். அது நம் கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்தே இயக்க விடும் மென்பொருள். என் மைத்துனர் கொடுத்தார். ஃபேஸ்புக் கணக்கு போயே போச்சு.

ரங்கூன்வாசி:
திட்டாமல் கேட்டதற்கு நன்றி தம்பி. பழையது எக்ஸ்பி, புதியது விண்டோஸ் 11. நான் போனில் அடித்த ஃபைல்கள் நன்றாகவே இருக்கின்றன. அப்பா வேர்டில் அடித்து வைத்தவைதான் தகராறு. எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்து, நடுநடுவே அரைப்புள்ளி. நோட்டீஸ் தலைப்பில் 'அம்மன்' இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, டி, அரைப்புள்ளி என்று நிற்கிறது. முகவரிப் பட்டியல் பர்மிய எழுத்தில் இருக்கிறது. அதில் நீங்கள் சொன்ன மாதிரி குறிகள் இடம் மாறியிருக்கின்றன. வைரஸ் என்று நானாகச் சொன்னது தப்புதான்.

மோல்மேன் தம்பி:
அரைப்புள்ளி காட்டிக்கொடுத்துவிட்டது ஐயா. இது பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்ட். அதில் 'ம்' அடிக்க கே, அப்புறம் அரைப்புள்ளி. ஃபைலுக்குள் கிடப்பது ஆங்கில எழுத்துதான், பாமினி ஃபான்ட் அதன்மேல் தமிழ் வேஷம் போட்டுக் காட்டும். புது லேப்டாப்பில் அந்த ஃபான்ட் இல்லாததால் வேஷம் கலைந்துவிட்டது. பழைய டிஸ்கில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்று ஒன்று இருக்கும். அங்கே பாமினியைத் தேடி எடுத்துப் புதியதில் இன்ஸ்டால் செய்யுங்கள், வேர்டைத் திரும்பத் திறங்கள்.

அது படிக்க மட்டும். மற்றவர்களுக்கு அனுப்ப, பாமினியிலிருந்து யூனிகோடுக்கு, அதாவது தனி ஃபான்ட் இல்லாமலே எங்கும் தமிழாகத் தெரியும் பொது முறைக்கு, மாற்றும் கருவி நெட்டில் இருக்கிறது. நகலில் மட்டும் செய்யுங்கள். ஆங்கிலச் சொற்களை முன்கூட்டியே தனியே எடுத்து வைக்காவிட்டால் அவையும் உளறல் தமிழாகிவிடும்.

முகவரிப் பட்டியல் ஜோஜி என்ற பழைய பர்மிய ஃபான்ட் முறையில் இருக்கும். 2019 அக்டோபர் 1-இல் மியான்மர் யூனிகோடுக்கு மாறியதே, அதற்கு முந்தைய சமாச்சாரம். கம்ப்யூட்டர் ஒவ்வொரு எழுத்தையும் ஓர் எண்ணாகத்தான் வைத்திருக்கும்; ஜோஜியும் யூனிகோடும் ஒரே எண்களை வேறு வேறு எழுத்துக்கு வைத்திருப்பதால்தான் இந்தக் குழப்பம். அதற்கு வேறு கருவி, பாமினிக் கருவியில் போட்டுவிடாதீர்கள்.

ரங்கூன்வாசி:
வந்துவிட்டது! ஃபான்ட் டிஸ்கிலேயே இருந்தது. நோட்டீஸை மாற்றி அச்சுக்குக் கொடுத்தாயிற்று, பர்மியப் பட்டியலை மகள் பார்க்கிறாள். இரவெல்லாம் பழைய நன்கொடைக் கணக்கைப் படித்துக்கொண்டிருந்தேன். 2006-இல் எல்லார் பெயருக்கு நேராகவும் தொகை இருக்கிறது. அப்பா தன் பெயருக்கு நேராக மட்டும் 'பாக்கி' என்று அடித்து வைத்திருக்கிறார்.