கட்டுடைப்பு, ஃபார்மகோன், ஃபோக்கலைசேஷன்: யாராவது விளக்குங்களேன்

மாலைவாசகன்:
வணக்கம். தபால் துறையில் ஓய்வு பெற்ற பிறகு பிளேட்டோவை ஆங்கிலத்தில் வாசிக்கத் தொடங்கியிருக்கிறேன். உரையாடல்கள் புரிகின்றன, தகராறு முன்னுரைகளோடுதான். ‘ஃபீட்ரஸ்’ முன்னுரையில் பக்கத்துக்குப் பக்கம் பிரதி, கட்டுடைப்பு, தெரிதா என்ற பிரெஞ்சுத் தத்துவவாதியின் பெயர். கட்டுடைப்பு என்றால் பிளேட்டோ சொன்னது தப்பு என்று நிரூபிப்பதா? ஃபார்மகோன் என்ற ஒற்றைக் கிரேக்கச் சொல்லுக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்? ஹோமரின் இலியட் காவியம் பற்றிய கட்டுரை ஒன்றில் ஃபோக்கலைசேஷன் என்று வேறு வருகிறது. கலைச்சொல் அகராதி பார்த்தேன். அந்த அகராதிக்கே ஒரு அகராதி வேண்டும் போலிருக்கிறது.

உரக்கடை வீட்டுப் பெண்:
ஐயா, நான் கல்லூரியில் இலக்கியம் நடத்துகிறேன். கிரேக்கம் மூன்று வருடம் தட்டுத்தடுமாறிப் படித்தேன். தெரிதா 1968இல் எழுதிய ‘பிளேட்டோவின் மருந்தகம்’ எனக்கு விளங்கியது அப்பாவின் கடையை நினைத்தபோதுதான். போடிப் பக்கம் உரக்கடை. ‘மருந்து இருக்கா?’ என்று அங்கே வருகிறவருக்கு வேண்டியது பூச்சிக்கொல்லி. நாலு கடை தள்ளி மெடிக்கலில் அதே கேள்விக்கு இருமல் டானிக் கிடைக்கும். ‘மருந்தைக் குடிச்சிட்டான்’ என்று யாராவது ஓடி வந்தால், எந்தக் கடை மருந்து என்று ஊரில் ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஃபார்மகோனும் அப்படித்தான். நோய் தீர்ப்பது, விஷம், ஆளை மயக்க வைக்கும் இடுமருந்து எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்.

சரி, ஃபீட்ரஸுக்கு வருவோம். எழுத்தைக் கண்டுபிடித்த தியூத் என்ற எகிப்தியக் கடவுள் தாமூஸ் மன்னனிடம் வந்து, ஞாபகத்துக்கும் அறிவுக்கும் ஃபார்மகோன் கண்டுபிடித்திருக்கிறேன் என்கிறார். மன்னர் மசியவில்லை. எழுதிவைத்தால் மனசில் வைப்பதை விட்டுவிடுவார்கள், மறதிதான் வளரும் என்கிறார். இங்கே மொழிபெயர்ப்பாளர் ‘நிவாரணி’ என்று போட்டால் தியூத்தின் கட்சி மட்டும் கேட்கிறது, விஷம் காணாமல் போகிறது. பேச்சு உயர்ந்தது, எழுத்து தாழ்ந்தது என்று பிளேட்டோ கோடு கிழிக்கிறார். அவர் எடுத்த சொல்லே கோட்டின் இரண்டு பக்கமும் கால் வைத்து நிற்கிறது. அதைப் பிடித்துக் காட்டுவதுதான் கட்டுடைப்பு. தப்புக் கண்டுபிடிப்பதெல்லாம் இல்லை.

அதே நூலின் தொடக்கத்தைப் பாருங்கள். ஊரைத் தாண்டாத சாக்ரடீஸ், நண்பர் ஃபீட்ரஸ் மேலாடைக்குள் ஒளித்த, பேச்சு ஒன்றை எழுதிய சுருளுக்காக மதிலுக்கு வெளியே வருகிறார். பசித்த மாட்டுக்குத் தழை காட்டுவதுபோல இழுத்து வந்துவிட்டாயே என்கிறார். அந்தச் சுருளும் ஃபார்மகோன். பிளேட்டோவின் இன்னொரு உரையாடலான ‘ஃபீடோ’வில் சாக்ரடீஸ் குடித்துச் சாவதும் ஃபார்மகோன்.

திண்ணை:
ஃபோக்கலைசேஷன் என் பங்கு. யார் பேசுவது என்பதற்கு நம்மிடம் ‘கூற்று’ இருக்கிறது. இது, யார் கண்ணால் பார்க்கிறோம் என்ற கேள்வி. இந்த இரண்டும் வேறு என்று 1972இல் பிரித்தவர் பிரெஞ்சு இலக்கியக் கோட்பாட்டாளர் ஜெனெத். 1987இல் இலியட் முழுவதையும் அப்படி வாசித்தவர் டச்சு ஆய்வாளர் ஐரீன் டி யோங். 24ஆம் காண்டத்தில் டிராய் மன்னர் பிரியம், எதிரி வீரன் அக்கிலிஸின் கைகளை முத்தமிடுகிறார். பயங்கரமான, ஆளைக் கொல்லும் கைகள், அவர் பிள்ளைகள் பலரைக் கொன்ற கைகள் என்று வரும். சொல்வது ஹோமர். அந்தக் கைகளை அப்படிப் பார்ப்பது பெற்ற தகப்பன்.

சந்தேகப்பேர்வழி:
இதற்குப் பிரெஞ்சுக்காரர் வேண்டுமா? இது கவியின் பேச்சா, பாத்திரத்தின் பேச்சா என்று இலியட்டின் பழைய உரைக்குறிப்புகளே பிரித்துப் பார்த்திருக்கின்றன. இந்தக் கலைச்சொல்லில் பாதி, பதவி உயர்வுக்கு எழுதுவது.

உரக்கடை வீட்டுப் பெண்:
அந்தப் பாதியைப் பற்றி நான் சண்டைக்கு வரமாட்டேன் சார். ஆனால் நீங்கள் சொல்வதும் பேச்சுதானே? திண்ணை சொன்னது பார்வை.

மாலைவாசகன்:
அம்மா, ரொம்ப நன்றி. என்னிடம் இருக்கும் ஃபீட்ரஸில் அந்த இடத்தில் ‘எலிக்ஸர்’, ஃபீடோவில் ‘பாய்சன்’. இரண்டும் ஒரே சொல் என்று நான் எங்கே கண்டேன்! இரண்டு இடத்திலும் ஓரத்தில் ‘மருந்து’ என்று பென்சிலால் எழுதிவிட்டேன். எழுதாவிட்டால் மறந்துபோகும். தாமூஸ் மன்னர் மன்னிக்கட்டும்.