புதுப்பிப்பு: சிட்னியில் வீடு கிடைத்துவிட்டது

ஆஸ்திரேலியாவில் முன்பு வாடகைக்கு இருந்த சான்று இல்லாமல் சிட்னியில் வீடு எடுப்பது எப்படி என்று கேட்டிருந்தேன். பெண்டில் ஹில்லில் இரண்டு பெட்ரூம் வீடு அமைந்துவிட்டது! நீங்கள் சொன்னபடி வேலை ஒப்பந்தம், வங்கி இருப்பு, சென்னை ஹவுஸ் ஓனரின் கடிதம் எல்லாவற்றையும் விண்ணப்பத்தோடு சேர்த்தோம். கடிதம்தான் கைகொடுத்தது என்று நினைக்கிறேன். புதிதாக வருபவர்கள் கவனிக்க: சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் நான்கு வார வாடகைக்கு மேல் பாண்ட் (நம்ம ஊர் அட்வான்ஸ் போன்ற வைப்புத் தொகை) கேட்கக் கூடாது. அதை அரசின் ‘ரென்டல் பாண்ட்ஸ் ஆன்லைன்’ இணையதளம் வழியாகவே கட்டுங்கள்.

மகளுக்கு ஜூலை 31க்குள் 5 வயது நிறைவதால் கிண்டர்கார்டனில் (இங்கே பள்ளியின் முதல் ஆண்டு) சேர்ந்துவிட்டாள். அம்மாவுக்குத்தான் இன்னும் மனம் ஒட்டவில்லை. மேஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போனால் மட்டும் கலகலப்பாகப் பேசுகிறார். இந்தப் பக்கம் தமிழ்ப் பெரியவர்கள் பகலில் கூடும் இடம் இருந்தால் சொல்லுங்கள்.