1934ஆம் ஆண்டு என்ஃபீல்டு: இந்தச் சுத்தியல் அசலா?

திருவையாற்று வாசகர்: நண்பர் வீட்டில் பரம்பரையாக, உரிமத்தோடு இருக்கும், பிரிட்டிஷ் ராணுவத்தின் என்ஃபீல்டு 2ஆம் எண் ரிவால்வரைப் பார்த்தேன். சட்டகத்தில் 1934 என்று பொறித்திருக்கிறது. ஆனால் தோட்டாவை வெடிக்கச் செய்யும் சுத்தியலில் கட்டைவிரலால் பின்னிழுக்கும் நீட்டம் இல்லை. நீட்டமற்ற சுத்தியல் 1938இல் வந்த வடிவத்துக்கு உரியது. எனவே இதை அசல் என்று ஏற்க மாட்டேன்.

குடந்தைப் பட்டறைக்காரர்: ஐயா, ஆண்டை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. டாங்கிக்குள் ஏறி இறங்கும் வீரர்களுக்கு அந்த நீட்டம் எதிலாவது மாட்டிக்கொண்டது என்பதே மாற்றத்துக்குச் சொல்லப்படும் காரணம். அதன்பின் பழுதுபார்க்க வந்த பழைய கைத்துப்பாக்கிகளையும் ராணுவமே மாற்றியது. படையில் இருந்தபோதே நடந்த அந்த மாற்றத்தைப் போலி என்று தள்ளுவது சரியல்ல. மாதிரிப் பெயரின் இறுதியில், அந்த மாற்றத்தைக் காட்டும் நட்சத்திரக் குறி இருக்கிறதா என்று பார்த்தீர்களா?

திருவையாற்று வாசகர்: குறி இருக்கிறது. ஆனால் குறியை யாரும் அடிக்கலாம், நீட்டத்தை யாரும் அரத்தால் அறுக்கலாம். நாச்சியார்கோயில் குத்துவிளக்கின் பழைய தண்டில் புது அகலைத் திருகிவிட்டு, முழு விளக்கும் பழையது என்றால் ஒப்புக்கொள்வீர்களா?

குடந்தைப் பட்டறைக்காரர்: ஒப்புக்கொள்ள மாட்டேன், அறுத்ததையும் மாற்றியதையும் பிரித்தறிய வழி உண்டு என்பதால்தான் வாதிடுகிறேன். குண்டு இல்லை என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டு, உரிமக்காரரையே சுத்தியலைக் கையால் மெல்லப் பின்னுக்குத் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய சுத்தியலை வீட்டில் அறுத்திருந்தால், உள்ளே இருக்கும் வெட்டில் சிக்கி அது பின்னாலேயே நிற்கும். ராணுவ மாற்றத்தில் அந்த வெட்டே கிடையாது. விசையை முழுதாக இழுத்துத்தான் சுட முடியும். சுத்தியலை இயக்கும் வில்லும் இலகுவானதாக இருக்கும்.

திருவையாற்று வாசகர்: இன்று நண்பர் செய்து காட்டினார், சுத்தியல் நிற்கவில்லை. அது ராணுவ மாற்றம் என்பதை ஏற்கிறேன். ஆனால் குழலிலும் சட்டகத்திலும் ஒரே எண் இருக்க, சிலிண்டரில் வேறு எண் இருக்கிறது.

குடந்தைப் பட்டறைக்காரர்: சுத்தியலைவிட எனக்குக் கவலை தருவது இதுதான். மூன்றிலும் ஒரே எண் இருக்க வேண்டும். படைக்கலப் பட்டறையில் மாற்றியிருந்தால் பழைய எண்ணைக் கோடிட்டு அடித்துவிட்டுப் புதிய எண்ணைப் பொறிக்கும் வழக்கம் உண்டு. அத்தகைய தடம் தெரிகிறதா? நம் ஆற்றங்கரை ஈரத்தில் ஏறும் துருவை உப்புத்தாளால் தேய்த்துப் பொறிப்பையே அழித்த வீடுகள் பல. ஆகவே வெளிச்சத்தைச் சாய்வாகப் பாய்ச்சிப் பாருங்கள்.

திருவையாற்று வாசகர்: பார்த்தேன். தேய்த்த அடையாளமும் இல்லை, கோடிட்டு அடித்த பழைய எண்ணும் இல்லை. சிலிண்டர் வேறொரு துப்பாக்கியுடையது.

குடந்தைப் பட்டறைக்காரர்: அப்படியானால் சிலிண்டரைப் பொறுத்தவரை நீங்கள் சொன்னதே சரி. சுத்தியலை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.