லூர்து மாமா, இழைப்புளியைக் கீழே வையுங்கள்

குழு: சவரிமுத்து வீட்டார் (பர்மா, சென்னை, பாங்காக்)

சனிக்கிழமை

அருள்: டிரம் வாங்கியாச்சு. நியாங்லெபின் மாதா திருவிழாவில் தேருக்கு முன்னால் இந்த வருஷம் தலை நிமிர்ந்து வாசிக்கலாம்.

அருள்: (4 படங்கள்)

ஸ்டெல்லா: எவ்வளவு

அருள்: முதலில் படத்தைப் பார் அக்கா

ஸ்டெல்லா: பார்த்தேன். எவ்வளவு

ரோசி அத்தை: தோத்திரம். அருள் சாப்பிட்டாயா. எனக்குக் கால் வீக்கம் இன்னும் வற்றவில்லை.

அருள்: மூன்றரை லட்சம் கியாட். நாலரை கேட்டான்.

ஸ்டெல்லா: தேர்ப் பணமா?

அருள்: பாதி என் பணம்

ஸ்டெல்லா: நான் கேட்டது மற்ற பாதி

டேவிட்: சூப்பர்

சீலன் பெரியப்பா: சென்னையிலிருந்து வாழ்த்துகள். பட்டையில் பிரீமியர் என்று தெரிகிறதே? வெள்ளைக்காரன் சரக்கு. ரங்கூன் இன்செயினில் எப்படிக் கிடைத்தது?

அருள்: பழைய சாமான் கடை, பெரியப்பா. தையல் மெஷினுக்கு அடியில் கிடந்தது. 14 அங்குலம் அகலம், ஐந்தரை உயரம், பாடி முழுக்க மரம். அந்தக் கம்பெனி 1922-ல் லண்டனில் ஆரம்பித்தது, 1940-ல் தொழிற்சாலையில் குண்டு விழுந்து லெஸ்டர் பக்கம் போனார்கள். இது போருக்கு அப்புறம் செய்தது என்று நினைக்கிறேன். மெல்லிய பலகையை வட்டமாக வளைத்து, உள்ளே மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் வளையம் கொடுத்திருக்கிறார்கள், பாடி கோணாமல் நிற்க. குறை என்று பார்த்தால் ஒன்று, ஒட்டு ஒரு சாண் நீளத்துக்கு விட்டிருக்கிறது. நம்ம ஊர் மழைக்கு அந்தக் காலத்து வச்சிரம் தாங்காது. இரண்டு, கீழ்ப்பக்கம் மேல்தோலைப் போட்டு விற்றிருக்கிறான். கீழ்த்தோல் மேல்தோலில் மூன்றில் ஒரு பங்கு கனம்தான் இருக்க வேண்டும், இல்லையென்றால் அதன் மேல் ஓடுகிற ஸ்நேர் கம்பி பேசாது, வெறும் தவில் மாதிரி தொம் தொம்தான். மூன்று, இரண்டு போல்ட் துரு

ஸ்டெல்லா: டேய் இது மெசேஜா, பரீட்சைப் பேப்பரா

டேவிட்: மூன்றாவது கேள்வி சாய்ஸ்

ரோசி அத்தை: இது அப்பாவுடைய டிரம்.

அருள்: அத்தை?

ரோசி அத்தை: மூன்றாவது படம். வலது பக்கம் கீறல். நான் சின்னப் பிள்ளையில் கரண்டியால் கீறியது. அப்பா அன்றைக்கு எனக்குச் சோறு போடவில்லை.

சீலன் பெரியப்பா: ரோசி, அப்பா டிரம் 1964 மே மாதமே போய்விட்டது. நூறு கியாட், ஐம்பது கியாட் நோட்டு செல்லாது என்று அறிவித்த வாரம். வீட்டில் இருந்ததெல்லாம் நூறு நோட்டு. அரிசிக்காக டிரம்மை விற்றார். நான் கூட நின்றேன்.

ரோசி அத்தை: விற்றதுதான் இப்போது திரும்பி வந்திருக்கிறது. மாதா செயல்.

அருள்: அத்தை, கூடத்துச் சுவரில் இருக்கும் படத்தைப் பாருங்கள். தாத்தாவுடையது கயிறு இழுத்துக் கட்டியது, பக்கத்தில் தோல் காது தொங்கும். இதில் போல்ட்.

ரோசி அத்தை: கயிறு அறுந்ததும் போல்ட் போட்டிருப்பார்கள்.

அருள்: அது ஓரடி உயரம். இது ஒரு சாண்கூட இல்லை.

ரோசி அத்தை: மரம் வயசானால் சுருங்கும்.

டேவிட்: அத்தை பாயிண்ட்

சீலன் பெரியப்பா: அப்பா டிரம் பித்தளை என்றுதான் என் ஞாபகம்.

ரோசி அத்தை: உங்கள் ஞாபகம் எனக்குத் தெரியும் அண்ணா. கப்பல் ஏறும்போது டிரம்பெட் யார் பெட்டியில் போனது என்பது மட்டும் உங்களுக்கு ஞாபகம் வராது.

சீலன் பெரியப்பா: அதைச் சித்தப்பாதான் எடுத்து வைத்தார். எனக்கு 14 வயது.

ரோசி அத்தை: சரி.

ஸ்டெல்லா: அத்தை "சரி" போட்டுவிட்டார். எல்லாரும் படுக்கப் போங்கள்.

சீலன் பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

திங்கட்கிழமை

அருள்: டிரம்மை நேற்று பஸ்ஸில் பெகுவுக்கு ஏற்றிவிட்டேன். லூர்து மாமா, வந்ததா?

லூர்து மாமா: வந்தது. டிரைவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

லூர்து மாமா: ஒட்டு பார்த்தேன். நல்ல மரம். பழைய வச்சிரத்தை வெந்நீர்த் துணி வைத்து இளக்கி எடுக்கணும். அதன் மேலேயே வெள்ளைப் பசை போட்டால் பிடிக்காது.

அருள்: அதையேதான் மாமா சொல்ல வந்தேன்

லூர்து மாமா: நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா.

லூர்து மாமா: அடி விளிம்பில் எதிரும் புதிருமாக இரண்டு பள்ளம். எலி கடித்திருக்கு. இழைப்புளி போட்டுச் சமமாக்கிடுறேன்.

அருள்: மாமா வேண்டாம்

அருள்: மாமா அதைத் தொடாதீர்கள்

அருள்: மாமா????

டேவிட்: எலியா

ஸ்டெல்லா: போன் பண்ணு

அருள்: அணைத்து வைத்திருக்கிறார்

ரோசி அத்தை: பெகுவில் காலையிலிருந்து கரண்ட் இல்லையாம். பஸ் டிக்கெட் யார் போடுவது? போன வருஷம் மாதிரி என்னைக் கடைசி சீட்டில் போடாதீர்கள்.

அருள்: மாமா, போனைத் திறந்ததும் முதலில் இதைப் படியுங்கள். அது பள்ளம்தான், ஆனால் செய்தவனே அளந்து வெட்டிய பள்ளம். ஒன்று கம்பியை இறுக்குகிற லிவர் இருக்கும் இடத்தில், இன்னொன்று நேர் எதிரே கம்பியின் மறுமுனையைப் பிடிக்கிற இடத்தில். பார்த்தீர்களா? எலி அளவெடுத்தா கடிக்கும்? ஸ்நேர் கம்பி 20 இழையும் கீழ்த்தோலின் குறுக்கே ஓடி, விளிம்பில் மடங்கி லிவருக்குப் போகிறது. அந்த இடத்தில் விளிம்பு ஒன்றிரண்டு மில்லி தாழ்ந்து கொடுத்தால்தான் தோலும் கூடவே தாழும், கம்பி மொத்தமும் தோலோடு ஒட்டிப் படுக்கும். சமமாக்கிவிட்டால் ஓரத்துக் கம்பி தூக்கிக்கொள்ளும். அப்புறம் லிவரை எவ்வளவு முறுக்கினாலும் ஒன்று கொரகொரவென்று இரையும், இல்லையென்றால் தொண்டை கட்டிவிடும். மரத்தைச் சீவிவிட்டால் திரும்ப ஒட்ட வைக்க முடியாது மாமா. மற்ற விளிம்பையும் கண்ணால் பார்த்துச் சீவ வேண்டாம். கண்ணாடிப் பலகை மேல் கவிழ்த்து, உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் கசிகிற இடம்தான் மேடு பள்ளம்.

டேவிட்: படித்து முடிப்பதற்குள் என் நெட் இரண்டு தடவை அறுந்தது

சீலன் பெரியப்பா: அருள் சொல்வது சரி. எங்கள் வியாசர்பாடி பேண்டு செட்டில் ஒருத்தன் இப்படித்தான் சமமாக்கினான். அந்த டிரம்மில் இப்போது கோலப்பொடி வைத்திருக்கிறார்கள்.

ஸ்டெல்லா: மாமாவுக்குச் சொல்வதற்கு முன்னால் அதைச் சொல்லியிருக்கலாமே பெரியப்பா

டேவிட்: தோல் நான் வாங்கி வரவா? பாங்காக்கில் கிடைக்கும். வெள்ளிக்கிழமை வருகிறேன்.

அருள்: அவசரப்படாதே. பழைய இங்கிலாந்து டிரம்களில் பாடி ஒரு நூல் பெரிதாக இருக்கும். 14 என்று எழுதியிருக்கும், இன்றைய 14 தோல் இறங்காது. அந்தக் காலத்தில் கன்றுத்தோல், ஈரமாகவே வளையத்தில் சுற்றிப் போட்டார்கள், எந்த அளவுக்கும் சரிவரும். 1957-க்கு அப்புறம் பிளாஸ்டிக் தோல் வந்தது, அது வளையத்தோடு வருவதால் அளவு கறார். மாமா நாலு திசையில் அளந்து சொல்லட்டும். போல்ட்டும் வாங்காதே. இதன் மரை பிரிட்டிஷ் மரை, இப்போது கடையில் கிடைக்கிற அமெரிக்க 12-24 அளவு போல்ட் இதில் ஏறாது. ஏற்றினால் போல்ட் இறங்குகிற லக் போச்சு.

டேவிட்: ம்

ரோசி அத்தை: ஜன்னல் ஓரம். முன்பக்கம். பணம் நான் போனிலேயே கேபேயில் போடுகிறேன்.

ஸ்டெல்லா: அத்தை, சாமியார் வேன் பேசியிருக்கிறார். பஸ் இல்லை.

ரோசி அத்தை: அந்த வேனா? அதில் நான் ஏற மாட்டேன். ஏன் என்று சாமியாருக்கே தெரியும்.

லூர்து மாமா: போன் இப்போதுதான் சார்ஜ் ஏறியது. எதற்கு இத்தனை மெசேஜ். வீட்டில் யாருக்காவது ஏதாவதா?

அருள்: மாமா சீவிவிட்டீர்களா?????

லூர்து மாமா: ஒட்டுப் போட்டு சைக்கிள் டியூப் சுற்றி வைத்திருக்கிறேன். ஒட்டுக் காயாத மரத்தில் எவனாவது இழைப்புளி வைப்பானா.

அருள்: அப்பாடா

லூர்து மாமா: உன் பெரிய மெசேஜும் படித்தேன். தாய்மாமனுக்கு மரம் சொல்லித் தருகிற அளவுக்கு வளர்ந்துவிட்டாய்.

அருள்: மன்னித்துவிடுங்கள் மாமா. அந்தப் பள்ளம்?

லூர்து மாமா: வெட்டு சுத்தமாகத்தான் இருக்கு. ஆனால் ஒரு பக்கம் கொஞ்சம் ஆழம் ஜாஸ்தி. அதையாவது ஒரு தட்டு தட்டி

அருள்: வேண்டாம் மாமா

லூர்து மாமா: புதன்கிழமை பார்ப்போம்.

அருள்: நான் புதன் காலையில் அங்கே இருப்பேன். நான் வரும்வரை டியூபைக்கூட அவிழ்க்க வேண்டாம்.

லூர்து மாமா: வா. உன் அத்தைக்காரி பத்து வருஷம் முன்னால் வாங்கிப் போன என் ரம்பத்தையும் கொண்டு வா.

ரோசி அத்தை: அது என் ரம்பம்.

ஸ்டெல்லா: கணக்கு: டிரம் 3,50,000. பாதி அருள். மீதி 1,75,000 தேர்ப் பணமா, வீட்டுப் பணமா? தோல், பஸ் கூலி, டிரைவர் டீ தனி. பதில் வேண்டும்.

சீலன் பெரியப்பா: நான் ஒரு பங்கு போடுகிறேன். ரோசி, டிரம்பெட் கணக்கில் வைத்துக்கொள்.

ரோசி அத்தை: டிரம்பெட்டுக்கு விலை போட முடியுமா அண்ணா.

டேவிட்: தோல் வாங்கியாச்சு. மேல் ஒன்று கீழ் ஒன்று. 14.

அருள்: டேய் அளவு வரட்டும் என்றேனே

டேவிட்: நீ எழுதியதில் 14 என்று இருந்தது. அத்தோடு நிறுத்திவிட்டேன்.

ஸ்டெல்லா: ரசீது அனுப்பு