தனட்டாலஜி: இறப்பியலா, சாவியலா, சாக்காட்டியலா?

அனைவருக்கும் வணக்கம். தனட்டாலஜிக்கு, அதாவது சாவ பத்தி ஆராயுற துறைக்கு, தமிழ்ல என்ன பேரு வைக்கலாம்னு ரெண்டு நாளா இழை ஓடுறத படிச்சுக்கிட்டு மட்டும் இருந்தேன், இப்பதான் உக்காந்து எழுத நேரம் கெடச்சுது. மடல் கொஞ்சம் நீளமாயிடும், பொறுத்துக்கங்க.

முதல்ல ஒரு வாபஸ். "சாவியல்"னு முன்வச்சது நான்தான். சாவு + இயல், சின்னச் சொல், இதுக்கு மேல என்ன வேணும்னு நெனச்சேன். தங்கச்சி பையன் பத்தாவது படிக்கிறான், பின்னாடி நின்னு ஸ்க்ரீன பாத்துட்டு "பெரியம்மா, பூட்டு சாவி ரிப்பேருக்கெல்லாம் கோர்ஸ் வந்துருச்சா"ன்னு கேட்டான். அதோட அந்தச் சொல்லுக்கு பால் ஊத்தியாச்சு. "சாவாய்வு"ம் வேண்டாம், ஒரு கால் விட்டுப்போனா சவ ஆய்வு, அது போஸ்ட்மார்ட்டம்.

மரணவியல நான் ஏத்துக்காததுக்கு வடமொழிங்கறது காரணம் இல்ல. மரண அடி, மரண கலாய்னு பசங்க அந்தச் சொல்ல இப்ப 'ரொம்ப'ங்கற அர்த்தத்துல ஓட்டிக்கிட்டு இருக்காங்க, நாம அதப் போய் பாடத்துக்குப் பேரா வச்சா நல்லாவா இருக்கும்.

> சாவு கொச்சைச் சொல், அச்சில் எழுதக் கூசும்

இத மட்டும் ஒத்துக்க முடியாதுங்க ஐயா. மூளைச்சாவுன்னுதான் எல்லா பேப்பர்லயும் வருது, யாரும் மூளை மறைவுன்னு எழுதல. 1968ல ஹார்வர்டு குழு ஒன்னு மூளை செயலிழந்தா அதுவே சாவுதான்னு அளவுகோல் வச்சுது, 1994ல நம்ம நாட்டு உறுப்பு மாற்றுச் சட்டத்துலயும் மூளைத்தண்டு சாவு ஏறியாச்சு. அவ்வளவு பெரிய மருத்துவ விஷயத்த தாங்குன சொல் கொச்சையா இருக்க முடியுமா. கூச்சம் நமக்குத்தான். காலமானார், இயற்கை எய்தினார், சிவலோக பதவி, வைகுண்ட பதவி, வபாத், கர்த்தருக்குள் நித்திரை, இப்படி ஆளுக்கொரு திரை போட்டு வச்சிருக்கோம்.

சரி, நான் ஏன் இந்த இழையில இவ்வளவு வரிஞ்சு கட்டுறேன்னு சொல்லிடுறேன். வீட்டுக்கே போயி படுத்த படுக்கையா இருக்கறவங்கள பாத்துக்கற பொண்ணுங்களுக்கு பாடக்குறிப்பு மொழிபெயர்த்துக் குடுக்குறேன். போன மாசம் கியூப்ளர்-ராஸ்ங்கற மனநல மருத்துவர் பத்தின பக்கத்துக்கு "மரணத்தின் ஐந்து நிலைகள்"னு தலைப்பு வச்சிருந்தேன். மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு. வகுப்புல ஒரு பொண்ணு எழுந்து கேட்டுச்சு, "மேடம், இது செத்தவருக்கா, சாகப்போறவருக்கா, வீட்டுல இருக்கறவங்களுக்கா?"

பதில் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் ஆச்சு. ஏன்னா கேள்வி அவ்வளவு சரி. அந்த டாக்டரம்மா சிகாகோல சாகுற நிலையில இருந்த நோயாளிங்ககிட்டயே உக்காந்து பேசி 1969ல புத்தகம் போட்டாங்க, அந்த அஞ்சும் சாகப்போறவரோட மனசு பத்தினது, அப்புறம்தான் ஜனங்க அத தூக்கி இழவு வீட்டுக்காரங்க துக்கத்துக்கும் பொருத்திக்கிட்டாங்க. நான் "மரணத்தின்"னு போட்டதுல சாகுறதும் செத்ததும் ஒன்னாயிடுச்சு. ஆனா பேச்சுல நாம இத கலக்கறதே இல்ல. "இழுத்துக்கிட்டு கெடக்கு", "இன்னைக்கா நாளைக்கான்னு இருக்கு" இதெல்லாம் சாகுறது. "எப்ப எடுக்குறாங்க"ன்னு கேட்டா முடிஞ்சுபோச்சு.

அதனால ஒரே சொல்லுல எல்லாத்தையும் அடைக்காம பிரிச்சு வைக்கணும்ங்கறதுதான் என் கட்சி. டாக்டருக்கு வேண்டியது ஒரு நேரம், 4.20ன்னு சான்றிதழ்ல எழுதணும், அதுக்கு இறப்பு. மானிடவியல்காரங்களுக்கு அது ஒரு நேரமே இல்ல. ராபர்ட் ஹெர்ட்ஸ் 1907லயே போர்னியோ தாயக் மக்கள வச்சு எழுதுனாரு: உடல மொதல்ல ஒரு எடத்துல வச்சிருந்து, எலும்ப எடுத்து ரெண்டாம் சடங்கு முடிச்சாத்தான் அங்க ஒருத்தர் முழுசா செத்தவர். நமக்கும் எடுப்பு, பால் தெளிப்பு, பதினாறுன்னு நீளுதே. அந்த மொத்தத்துக்கும் சாவு, சாவு வீடு, சாவுச் சடங்கு. படுக்கையில நடக்குற அந்த நீளமான காலத்துக்கு மட்டும் சாதல். சமூகவியல்ல கிளேசரும் ஸ்ட்ராஸும் 1965ல ஆஸ்பத்திரிய பாத்து எழுதுனது இந்தச் சாதல் பத்தித்தான்: அவரு சாகப்போறாருன்னு நோயாளியத் தவிர எல்லாருக்கும் தெரியும், இல்லன்னா ரெண்டு பக்கமும் தெரியும் ஆனா தெரியாத மாதிரி நடிப்பாங்க. "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்"ன்னு காரிடார்ல கிசுகிசுக்கறத பாக்காதவங்க இங்க யாராவது இருக்கீங்களா?

சாக்காட்டியல் சொன்ன அக்காவுக்கு: சொல் அழகு, வள்ளுவரே பிறப்புக்கு ஜோடியா சாக்காடுன்னுதான் வச்சிருக்காரு, நோக்காடு, வேக்காடு மாதிரி அந்த -காடு வெறும் விகுதின்னு எனக்கும் தெரியும். ஆனா வகுப்புல சொன்னா பாதிப் பேருக்கு சுடுகாடுதான் ஞாபகம் வரும்.

துறைக்கு மொத்தப் பேரா இறப்பியல் இருக்கட்டும். பிறப்பு இறப்பு பதிவுன்னு ஆபீஸ் வாசல்ல எழுதியே இருக்கு, யாருக்கும் விளக்க வேண்டாம். இற-ங்கறதுக்கு கடந்துபோறதுன்னு பொருள், இறந்தகாலம்னு இலக்கணத்துல படிச்சோமே, அதே வேர். மெச்னிகோஃப்ங்கற விஞ்ஞானி 1903ல தனட்டாலஜிங்கற பேர வச்சப்பவே ஜெரண்டாலஜியும் அவருதான் வச்சாரு, அத நாம சண்டை இல்லாம முதுமையியல்னு எடுத்துக்கிட்டோம், அது பக்கத்துல இறப்பியல் சரியா உக்காருது.

கருணைக்கொலை பத்தி தனி இழை போடுங்க. 2018ல சுப்ரீம் கோர்ட் உயிர்காக்கும் சிகிச்சைய நிறுத்தறதுக்கு வழி சொன்னப்பவும் பேப்பர்காரங்க அதே சொல்லத்தான் போட்டாங்க, வென்டிலேட்டர எடுக்கச் சொல்லி கையெழுத்து போடுற மகன் காதுல 'கொலை'ன்னு விழுந்தா எப்படி இருக்கும்.

எனக்கு இப்ப அவசரமா வேண்டியது வேற ஒரு சொல். ஆள் போறதுக்கு முன்னாடியே வீட்டுல இருக்கறவங்க துக்கப்பட்டு முடிச்சிடறது. லிண்டமன்ங்கற மனநல மருத்துவர் 1944ல எழுதுனாரு, புருஷன் போர்ல செத்துடுவான்னு நெனச்சு நெனச்சே துக்கத்தக் கடந்துட்ட ஒரு பொண்டாட்டி, அவன் உயிரோட திரும்பி வந்தப்ப அவன்மேல பிரியமே மிச்சமில்லையாம். எங்க பெரியப்பா ஏழு மாசம் படுக்கையில கெடந்தாரு, பெரியம்மா அந்த ஏழு மாசமும் அடுப்படியில, கொல்லையில, ராத்திரி விசிறிக்கிட்டே அழுது தீத்துட்டாங்க. எடுக்குற அன்னைக்கு கண்ணுல சொட்டுத் தண்ணி இல்ல, வந்தவங்க "கல்லு மாதிரி உக்காந்திருக்கா பாரு"ன்னு பேசுனாங்க.

"முன்கூட்டிய துயரம்"னு குறிப்புல போட்டிருக்கேன், படிச்சா ரயில் டிக்கெட் ரிசர்வேஷன் மாதிரி இருக்கு. "முன்னழுகை" சரியா வருமா? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது, அதுக்குள்ள யாராவது சொல்லுங்க.