மழையில் நனைந்த தடங்களில் குழந்தைகளோடு நடந்தபோது நீங்கள் எதிர்கொண்டது என்ன? (சியாட்டில் பக்கம், ஏப்ரல் - மே)

போன ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை நடந்ததை எழுதுகிறேன். இந்தப் பக்கம் குழந்தைகளைக் காட்டுக்குள் கூட்டிப்போகிற எல்லாருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

சியாட்டிலுக்குக் கிழக்கே இசக்குவா ஊரைத் தாண்டி, ஐ-90 நெடுஞ்சாலையில் 20ஆம் எக்ஸிட், ஹை பாயின்ட். அங்கிருந்து ட்ரடிஷன் ஏரியைச் சுற்றி ஏற்றம் அதிகமில்லாத தடம் போகிறது. வழியில் பழைய பஸ் ஒன்று துருப்பிடித்துக் கவிழ்ந்து கிடக்கும், அதைப் பார்க்க என் ஒன்பது வயது மகனுக்கு ஒரே அவசரம். ராத்திரி முழுக்கத் தூறல். ஏரிக்கரைச் சேற்றில் ஸ்கங்க் கேபேஜ் மஞ்சள் மஞ்சளாகப் பூத்து, அந்த வாடை மூக்கைத் துளைத்தது. நான் ஒரு மரத்தில் சாய்ந்து முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன், அப்போதுதான் ஆறு வயது மகள் "அம்மா, பல்லி!" என்று உள்ளங்கையை நீட்டினாள்.

பல்லி இல்லை. பல்லிக்குச் செதில் இருக்கும், நகம் இருக்கும், இதற்கு இரண்டுமே இல்லை. முதுகு காப்பிக்கொட்டை நிறத்தில் சொரசொரவென்று இருந்தது. நாங்கள் குனிந்து பார்த்ததும் அது தாடையை மேலே தூக்கி, வாலையும் தலைப் பக்கமாக வளைத்து, வில் மாதிரி அப்படியே உறைந்துவிட்டது. அப்போதுதான் அடிவயிறு தெரிந்தது. பழுத்த பப்பாளியை வெட்டினால் உள்ளே இருக்குமே, அந்த நிறம். மகள் இன்னொரு கையை முறுக்குக்கு நீட்டினாள்.

பின்னால் வந்த ஒரு வயதான அம்மா நின்று, பதற்றப்படாமல், அதை மெதுவாகக் கீழே விடச் சொன்னார், கையைக் கழுவும்வரை வாய்க்கும் கண்ணுக்கும் கொண்டுபோக வேண்டாம் என்றார். அது ரஃப் ஸ்கின்டு நியூட், தவளை மாதிரி நீரிலும் நிலத்திலும் வாழ்கிற உயிர். தோலில் இருப்பது டெட்ரோடோடாக்சின், நம் பேத்தை மீனில் இருக்கிற அதே விஷம். காயமில்லாத கையால் தொட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, வயிற்றுக்குள் போனால்தான் உயிருக்கே ஆபத்து. 1979இல் ஓரிகனில் ஓர் இளைஞர் பந்தயத்துக்காக இதை விழுங்கி இறந்தே போயிருக்கிறார். சானிடைசரை நம்பாதீர்கள், அது கிருமிக்கானது, விஷத்தைக் கழுவி எடுக்காது. நான் குடிதண்ணீர் ஒரு பாட்டிலையும் ஊற்றி அவள் விரல் விரலாகத் தேய்த்துவிட்டேன், வீட்டுக்கு வந்து மறுபடி சோப்பு. இப்போது பையில் சோப்பும் தனியாக ஒரு பாட்டில் தண்ணீரும் இல்லாமல் கிளம்புவதில்லை.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அது முட்டையிடத் தண்ணீருக்குப் போய்க்கொண்டிருந்த உயிர், நாம்தான் குறுக்கே வந்தோம். வசந்தத்தில் ஈரம் இருக்கும்போதுதான் இவை தடத்தைக் கடக்கும், நடை ரொம்ப மெது, பூட்ஸுக்குக் கீழே சிக்கினால் போச்சு. அன்றைக்கு மிச்ச தூரம் முழுக்கக் குழந்தைகள் இருவரும் முன்னால் போய்த் தரையைப் பார்த்து "நியூட், நியூட்" என்று குரல் கொடுத்துக்கொண்டே வந்தார்கள். பஸ்ஸுக்குப் போய்ச் சேர்வதற்குள் பதினொரு நியூட்.

பதில்

சகோதரி, நல்ல வேளை. எங்கள் அனுபவம் வேறு மாதிரி. அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார்கள், மே முதல் வாரம். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மேலே என் மழைக்கோட்டு, காலில் மருமகளின் ஷூ, அப்படியே எங்களுக்கு முன்னால் நடந்தார்கள். தடத்தோரம் ட்ரில்லியம் பூத்திருந்தது. மூன்று இலை, அதன் நடுவே மூன்று வெள்ளை இதழ். "வில்வம் மாதிரி மூணு மூணா இருக்கே, சாமிக்கு ஒண்ணு பறிச்சுக்கறேன்" என்று கையை வைத்துவிட்டார்கள். என் மகன்தான், "பாட்டி, அதைப் பறிச்சா இலையும் சேர்ந்து போயிடும், அப்புறம் பல வருஷம் பூக்காது" என்றான், பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்களாம். விதையிலிருந்து முதல் பூ வரவே ஏழெட்டு வருஷம் ஆகலாம். அம்மா கையை எடுத்துக்கொண்டு, அங்கேயே நின்று கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். நான் அந்த இடத்தை மறக்கமாட்டேன்.

ஒரு விஷயம், குழந்தைகளுக்கு முழுக்கால் பேன்ட் போடுங்கள். அன்றைக்கே இளையவன் செடிக்குள் கால் வைத்து அலறினான். அம்மா ஒரே பார்வையில், "இது நம்ம காஞ்சொறி கணக்காவுல்ல இருக்கு" என்றார்கள். வேறு செடிதான், நெட்டில் என்பார்கள், ஆனால் குணம் அதே குணம். இலையிலும் தண்டிலும் கண்ணாடி ஊசி மாதிரி முடி. தேய்க்கவிடாமல் தண்ணீரில் கழுவினோம், சாயங்காலத்துக்குள் தடிப்பு வடிந்துவிட்டது.

பதில்

நாங்கள் எதிர்கொண்டது விலங்கு எதுவும் இல்லை, குளிர்தான். ட்வின் ஃபால்ஸ் அருவிக்குப் போகிற தடம், மார்ச் கடைசி. கிளம்பும்போது வெயில், மகளுக்கு ஜீன்ஸும் பருத்தி ஸ்வெட்டரும் போட்டுவிட்டேன். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது, ஆறு பனி உருகிய தண்ணீரோடு பொங்கி ஓடுகிறது, அதன் சாரலும் சேர்ந்துகொண்டது. 45 டிகிரி ஃபாரன்ஹீட்டெல்லாம் (செல்சியஸில் ஏழு) ஒரு குளிரா என்று நினைத்திருந்தேன். பருத்தி நனைந்தால் உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். எப்போதும் வாய் ஓயாத பிள்ளை பேச்சை நிறுத்திவிட்டாள், ஜிப்பைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. உடம்புச் சூடு ஆபத்தாகக் குறையத் தொடங்குவதற்கு அது ஓர் ஆரம்ப அடையாளம், தயவுசெய்து கவனியுங்கள். அருவியைப் பார்க்காமலே திரும்பினோம். வழியிலேயே ஈர ஸ்வெட்டரைக் கழற்றி என் கம்பளி பனியனை மாட்டிவிட்டு, ஃபிளாஸ்கில் இருந்த பாலைக் கொடுத்து, காரில் ஹீட்டர் போட்டு, நார்த் பெண்ட் வந்த பிறகுதான் "அப்பா, பசிக்குது" என்றாள். எனக்கு உயிர் வந்தது. இப்போது ஜனவரியோ ஜூனோ, மாற்றுத்துணி ஒரு செட் பிளாஸ்டிக் பையில் கட்டி என் முதுகில்தான் இருக்கும்.

இன்னொன்று, சேற்றுக் குட்டை வந்தால் ஓரமாகச் சுற்றிப் போகாதீர்கள். எல்லாரும் அப்படிச் சுற்றிச் சுற்றித்தான் தடம் இரண்டு பங்கு அகலமாகி ஓரத்துச் செடியெல்லாம் மிதிபட்டுப் போகிறது. ரப்பர் பூட்ஸ் போட்டுவிட்டு நடுவில் இறங்கச் சொல்லுங்கள், எந்தக் குழந்தை வேண்டாம் என்று சொல்லப்போகிறது?

பதில்

முதலில் எழுதியவள்தான். நியூட்டுக்கு எதிரியே கிடையாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். கார்ட்டர் பாம்பு இதைத் தின்னும், தலைமுறை தலைமுறையாக அந்த விஷத்தைத் தாங்கிக்கொள்ளப் பழகிவிட்டது.

நேற்றும் போயிருந்தோம். பஸ்ஸுக்குப் பக்கத்தில் பனானா ஸ்லக், ஓடில்லாத நத்தை, என் உள்ளங்கையைவிட நீளம், வாழைப்பழத்தில் விழுகிற மாதிரியே கறுப்புப் புள்ளிகள். இந்தத் தடவை மகள் தொடவில்லை. முழங்காலைச் சேற்றில் ஊன்றிக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். தலைக்குப் பின்னால் வலப்பக்கம் ஒரு சின்ன ஓட்டை மெல்லத் திறந்தது, மூடியது. "அம்மா, அது மூச்சு விடுது" என்று கிசுகிசுத்தாள். அண்ணன் பஸ்ஸுக்குள் இருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தான், அவள் எழுந்திருக்கவில்லை.